பல் சொத்தைக்கு ‘லைட் பில்லிங்’: வாய்க்குள் கசிவது என்ன? எவ்வளவு?

சொத்தைப் பல்லை அடைக்க ஒருமுறையாவது போனவர்களுக்கு அந்த நீல விளக்கை தெரிந்திருக்கும்.

குழியை சுரண்டி சுத்தம் செய்வார்கள். பல் நிறத்திலேயே ஒரு பசையை எடுத்து உள்ளே அமுக்குவார்கள். பிறகு தடித்த பேனா மாதிரி ஒரு கருவியை வாய்க்குள் நீட்டி, “கண்ணை மூடிக்குங்க” என்பார்கள். சில வினாடிகள்தான். ‘பீப்’ சத்தம் கேட்கும். களிமண் போல இருந்த பசை கல் போல இறுகிப் போயிருக்கும்.

ஜனங்கள் ‘லைட் பில்லிங்’ என்று சொல்வது இதைத்தான். டாக்டர்கள் கம்போசிட் என்பார்கள். முன்பெல்லாம் கடைவாயில் கருப்பாக தெரியும் வெள்ளி அடைப்புதான் வழக்கம். இப்போது பெரும்பாலான கிளினிக்குகளில் இந்த வெள்ளை பசைதான்.

கூடவே வதந்தியும் வந்து விட்டது. “அது பிளாஸ்டிக்காமே... எச்சில்ல கரைஞ்சு வயித்துக்குள்ள போகுமாமே... கேன்சர் வருமாமே...” என்று செல்போனில் சுற்றும் தகவலை பார்த்துவிட்டு, அடைக்க வேண்டிய பல்லை அப்படியே விட்டு விடுகிறவர்களும் உண்டு.

உண்மை என்ன?

கொஞ்சம் கசிகிறது. இதை பல் மருத்துவ உலகமே மறுப்பதில்லை. ஆனால் பல் அடைத்ததால் ஒருவருக்கு கேன்சர் வந்தது என்று இதுவரை நிரூபணம் எதுவும் இல்லை. எவ்வளவு கசியும் என்பது பசையின் கம்பெனி பெயரை மட்டும் பொறுத்தது அல்ல. அந்த விளக்கை பிடிக்கும் கை எவ்வளவு நிதானமாக பிடிக்கிறது என்பதும் பெரிய விஷயம்.

கற்பூரம் செய்யும் வேலை

இந்த பசையில் எடைக்கு ஏறத்தாழ முக்கால் பங்கு பொடிப் பொடியான கண்ணாடித் தூள்தான். தூளை ஒட்ட வைக்கும் பிசின்தான் மீதி. அமெரிக்க பல் டாக்டர் ரபேல் போவன் 1962-ல் காப்புரிமை வாங்கிய ‘பிஸ்-ஜி.எம்.ஏ.’ என்ற பிசின் இன்றும் பல பசைகளில் இருக்கிறது. அது தேனை விட பல மடங்கு கெட்டி. அப்படியே வைத்துக் கொண்டு வேலை செய்ய முடியாது. அதனால் ‘டெக்-டி.எம்.ஏ.’ என்ற தண்ணீர் போன்ற இன்னொரு ரசாயனத்தை சேர்த்து இளக்குவார்கள். பசையை பல்லோடு ஒட்ட வைக்க முதலில் பூசும் திரவத்தில் ‘ஹெமா’ என்று இன்னொன்று.

சரி, வெளிச்சம் பட்டதும் எப்படி இறுகுகிறது?

பசைக்குள் கேம்பர்குவினோன் என்ற மஞ்சள் தூள் துளியூண்டு கலந்திருக்கும். நம்ம வீட்டு பூஜையில் ஏற்றும் கற்பூரத்தில் இருந்து தயாரிக்கப்படும் பொருள் இது. இதற்கு நீல வெளிச்சம் என்றால் உயிர். 470 நானோமீட்டர் அளவிலான நீலம் பட்டால் போதும், தூண்டப்பட்டு பிசினை இறுக வைக்கும் வேலையை ஆரம்பித்து விடும். பல் டாக்டரின் விளக்கு நீலமாக இருப்பதற்கு காரணம் இதுதான். தலைக்கு மேல் எரியும் பெரிய விளக்கின் வெளிச்சத்திலேயே கூட பசை மெல்ல இறுக ஆரம்பித்து விடும் என்பதால்தான், எடுத்து வைத்த பசையை மூடி வைக்கிறார்கள்.

பிசினில் உள்ள ஒவ்வொரு மூலக்கூறையும் ரெண்டு கை உள்ள ஒரு ஆள் என்று வைத்துக் கொள்ளுங்கள். வெளிச்சம் பட்டதும் எல்லோரும் பக்கத்தில் இருப்பவர் கையை பிடிக்கிறார்கள். கூட்டமே ஒரு வலையாக மாறி விடுகிறது. அதுதான் இறுகுதல்.

ஆனால் கூட்டம் இறுக இறுக நகர இடம் இருக்காது. கை நீட்டினாலும் எட்டாது. அதனால் நூறு கைகளில் சுமார் 55 முதல் 75 கைகள் வரைதான் கோர்த்துக் கொள்கின்றன. எவ்வளவு நல்ல பசை, எவ்வளவு நல்ல விளக்கு என்றாலும் நூற்றுக்கு நூறு நடக்காது.

அப்படியானால் மீதி எல்லாம் வாய்க்குள் கரைந்து விடுமா என்றால், இல்லை. ஒரு கை மாட்டியிருந்தாலே ஆள் வெளியே போக முடியாதே! ரெண்டு கையும் மாட்டாமல் நிற்பவர்கள்தான் எச்சிலில் நழுவி வெளியே வருகிறார்கள். அவர்கள் சிறு பகுதிதான். அதிலும் சின்ன ஆட்களான டெக்-டி.எம்.ஏ.வும் ஹெமாவும் சுலபமாக நழுவும். பெரிய உருவமான பிஸ்-ஜி.எம்.ஏ. அவ்வளவு லேசில் வராது.

மேலே கல், கீழே பசை!

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது.

நீல வெளிச்சம் பசைக்குள் ஆழமாக போகாது. சாதாரண கம்போசிட் என்றால் ஒரு தடவைக்கு 2 மில்லிமீட்டர் கனம்தான். அதாவது ஒரு ரூபாய் நாணயத்தை விட கொஞ்சம் தடிமன். அந்த அளவுக்கு வைத்து, விளக்கு காட்டி, அதற்கு மேல் இன்னொரு அடுக்கு வைத்து, மறுபடி விளக்கு காட்ட வேண்டும். ஆழமான குழி என்றால் மூணு, நாலு அடுக்கு கூட ஆகும். ஒரே தடவையில் 4 மில்லிமீட்டர் வரை வைக்கக் கூடிய ‘பல்க் பில்’ வகைகள் வந்திருக்கின்றன. அது தனி சரக்கு. சாதாரண பசையை அப்படி மொத்தமாக அமுக்கி ஒரே தடவை விளக்கு காட்டினால் என்ன ஆகும்?

மேல் பகுதி கல் மாதிரி இறுகி விடும். கருவியால் தட்டிப் பார்த்தால் ‘டக் டக்’ என்று சத்தம் கூட வரும். அடியில் பாதி வெந்த இட்லி மாதிரி நொளநொளவென்று கிடக்கும். டாக்டருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. கை கோர்க்காத ஆட்கள் அதிகமாக இருப்பது அங்கேதான். பல்லின் நரம்புக்கு பக்கத்தில் இருப்பதும் அந்த அடிப்பகுதிதான்!

விளக்கு தள்ளி நின்றாலும் இதே கதைதான். முனை பல்லை ஒட்டி, நேராக நிற்க வேண்டும். சில மில்லிமீட்டர் விலகினாலே பல விளக்குகளில் வெளிச்சத்தின் வேகம் நன்றாக குறைந்து விடும். கடைசி கடைவாய்ப் பல் என்றால் வாய் முழுசாக திறக்காது. விளக்கு சாய்ந்து போகும். முனையில் பழைய பசை ஒட்டி காய்ந்திருந்தாலும், விளக்கு பழசாகி மங்கிப் போயிருந்தாலும் கண்ணுக்கு நீலமாகத்தான் தெரியும். ஆனால் வேலை பாதிதான் நடக்கும். விளக்கின் சக்தியை அளந்து பார்க்க ரேடியோமீட்டர் என்று சின்ன கருவி இருக்கிறது. நல்ல கிளினிக்குகளில் அதை வைத்து அவ்வப்போது சோதிப்பார்கள்.

இன்னொரு சங்கதி. விளக்கு கண்ணை கூசும் என்பதால் சிலர் முகத்தை திருப்பிக் கொண்டே பிடிப்பார்கள். கை மெல்ல நகர்ந்து, வெளிச்சம் பக்கத்து பல்லில் விழும். ஆரஞ்சு நிற கண்ணாடி போட்டுக் கொண்டு, விளக்கு படும் இடத்தை பார்த்தபடியே பிடிப்பவர்கள்தான் பல்லுக்கு சரியான அளவு வெளிச்சம் கொடுக்கிறார்கள் என்பது சோதனைகளில் தெரிய வந்திருக்கிறது. அந்த ஆரஞ்சு கண்ணாடி ஸ்டைலுக்கு இல்லை!

நம் பங்குக்கும் ஒன்று உண்டு. “சீக்கிரம் முடிச்சு விடுங்க சார், பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று அவசரப்படுத்தாமல், விளக்கு எரியும் அந்த 20 வினாடியும் வாயை நன்றாக திறந்து, தலையை ஆட்டாமல் இருந்தால் அதுவே பெரிய உபகாரம்.

முதல் நாள்தான் கணக்கு

கசிய வேண்டியதில் பெரும்பகுதி முதல் ஒரு நாளுக்குள் கசிந்து விடும். அதிலும் முதல் சில மணி நேரம்தான் வேகம். பிறகு சில வாரங்களுக்கு துளித் துளியாக இருக்கும். வருஷக் கணக்கில் பல் கடிப்பதாலும், எச்சிலில் உள்ள நொதிகளாலும் மேற்பரப்பு தேயும்போது மிகச் சிறிய அளவில் வந்து கொண்டிருக்கும்.

முதல் மணி நேரம் ஏன் மோசம் என்றால், பசையின் மேல்பரப்பு காற்றில் படுகிறது. காற்றில் உள்ள ஆக்சிஜன் குறுக்கே புகுந்து கைகளை கோர்க்க விடாது. அதனால் எல்லா லைட் பில்லிங்கிலும் மேலே முடியை விட மெல்லிய, பிசுபிசுப்பான ஒரு படலம் இறுகாமல் நிற்கும். அடைத்து முடித்ததும் டாக்டர் சுழலும் கருவியால் தேய்த்து பாலிஷ் போடுகிறாரே, பளபளப்புக்காக மட்டும் அல்ல. அந்த படலத்தை எடுக்கத்தான். பாலிஷ் போடாமல் அனுப்பினால், “தேய்ச்சு விடலியா டாக்டர்?” என்று தாராளமாக கேட்கலாம்.

முடிந்ததும் தண்ணீரை வாயில் ஊற்றி அரை நிமிஷம் நன்றாக கொப்பளித்து துப்ப வேண்டும். விழுங்கக் கூடாது. செலவே இல்லாத இந்த வேலையால் எச்சிலில் கலந்தது நிறைய வெளியே போய் விடும்.

மாலையில் பல் அடைத்து விட்டு, “வலிக்குது” என்று சொல்லி ராத்திரி ‘சரக்கு’ போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ரசாயனங்கள் தண்ணீரை விட ஆல்கஹாலில் வேகமாக கரையும். பசையில் இருந்து எவ்வளவு கசியும் என்று கண்டுபிடிக்க சோதனைக் கூடத்திலேயே ஆல்கஹால் கலந்த தண்ணீரில்தான் ஊற வைக்கிறார்கள். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷுக்கும் இது பொருந்தும். முதல் நாள் ரெண்டையும் தவிர்ப்பது நல்லது.

பயம் கிளம்பிய இடம்

இந்த பயம் எங்கிருந்து வந்தது? 1996-ல் ஸ்பெயின் நாட்டு கிரனடா நகரத்து விஞ்ஞானிகள் வெளியிட்ட ஆய்வில் இருந்து.

சொத்தை வராமல் தடுக்க கடைவாய்ப் பல்லின் பள்ளங்களில் பூசும் ‘சீலண்ட்’டும் இதே ஜாதி பிசின்தான். 18 பேருக்கு, ஆளுக்கு 50 மில்லிகிராம் பூசி, ஒரு மணி நேரம் எச்சிலை சேகரித்து பார்த்தார்கள். பிஸ்பீனால்-ஏ என்ற ரசாயனம் 90 முதல் 931 மைக்ரோகிராம் வரை இருந்ததாக அறிவித்தார்கள். பல் மருத்துவ உலகமே ஆடிப் போனது.

காரணம், சுருக்கமாக பி.பி.ஏ. எனப்படும் இந்த பிஸ்பீனால்-ஏ, உடம்புக்குள் பெண்மை ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் போல வேஷம் போடக் கூடியது. குழந்தைகளின் பால் பாட்டில்களில் இதை ஐரோப்பா 2011-லும் அமெரிக்கா 2012-லும் தடை செய்தன. பிஸ்-ஜி.எம்.ஏ. பிசினை தயாரிக்கும் மூலப் பொருளே பி.பி.ஏ.தான்.

பிறகு வேறு சோதனைக் கூடங்களில் திரும்பவும் பார்த்தார்கள். அந்த அளவு பெரிய எண்ணிக்கை கிடைக்கவில்லை. கிரனடாவில் அளந்த முறையிலேயே சந்தேகம் கிளப்பினார்கள் பலர். ஆனால் ஒரு உண்மை வெளியே வந்தது. பிஸ்-ஜி.எம்.ஏ. வாய்க்குள் உடைந்து பி.பி.ஏ. ஆவதில்லை. அதன் தம்பி மாதிரியான ‘பிஸ்-டி.எம்.ஏ.’ என்ற இன்னொரு பிசினைத்தான் எச்சிலில் உள்ள நொதி உடைத்து பி.பி.ஏ.வாக மாற்றுகிறது. அந்த தம்பி இருந்த சீலண்ட்களில்தான் பிரச்சினை. 2000-ம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்றில், அப்படிப்பட்ட சீலண்ட் பூசிய 40 பேரில் சிலரின் எச்சிலில் சில மணி நேரம் பி.பி.ஏ. தெரிந்தது. ரத்தத்தில் யாருக்கும் தெரியவில்லை.

2016-ல் அமெரிக்க பல் மருத்துவ சங்கம் 12 வகை சீலண்ட்களை சோதித்து ஒரு கணக்கு சொன்னது. நாலு கடைவாய்ப் பல்லுக்கு பூசினால் வெளியாகும் பி.பி.ஏ. 0.09 நானோகிராம். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு! அமெரிக்க அரசின் பழைய வரம்புப்படி 20 கிலோ எடையுள்ள ஆறு வயது குழந்தைக்கு ஒரு நாளைக்கு 10 லட்சம் நானோகிராம் வரை போகலாம்.

அந்த வரம்பு ரொம்ப தாராளம் என்று ஐரோப்பாவில் சண்டையே நடந்தது. 2023-ல் ஐரோப்பிய உணவு பாதுகாப்பு ஆணையம் தன்னுடைய பழைய வரம்பை ஒரே அடியாக 20 ஆயிரம் மடங்கு குறைத்தது. ஒரு கிலோ உடல் எடைக்கு 0.2 நானோகிராம்தான். அளவுக்கு மீறி குறைத்து விட்டார்கள் என்று ஜெர்மனி அரசு நிறுவனமே எதிர்த்தது. அந்த கறாரான கணக்கை வைத்துப் பார்த்தாலும் அதே குழந்தைக்கு ஒரு நாளைக்கு 4 நானோகிராம் வரை வருகிறது. சீலண்ட்டின் 0.09 அதற்கும் கீழேதான். பெரிய குழியில் நிறைய பசை வைத்தால் இதே எண் வரும் என்று சொல்ல முடியாது. இது மெல்லிய பூச்சுக்கான கணக்கு.

பி.பி.ஏ. இல்லாத பசை என்று லேபிள் ஒட்டியும் விற்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அதில் எதுவுமே கசியாது என்று நினைக்க வேண்டாம். வேறு பிசின் இருக்கும், அதில் கை கோர்க்காதது அதன் பங்குக்கு கசியும்.

நரம்புக்கு பக்கத்தில் போனால்...

எச்சிலில் போவதை விட, பல்லுக்குள் இறங்குவதைத்தான் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். பல்லின் உள்பகுதி முழுக்க கண்ணுக்கு தெரியாத நுண்குழாய்கள். டெக்-டி.எம்.ஏ.வும் ஹெமாவும் அதன் வழியாக நரம்பு வரை போகக் கூடியவை. சோதனைக் கூடத்தில் செல்கள் மேல் இவற்றை விட்டுப் பார்த்தபோது, அளவு கூடினால் செல்கள் சாகின்றன. குழிக்கும் நரம்புக்கும் நடுவில் நல்ல கனத்துக்கு பல் மிச்சம் இருந்தால் அதுவே வடிகட்டி விடும். மிச்சம் மெல்லிசாக இருந்தால்தான் ஆபத்து. அதனால் ஆழமான குழியில் முதலில் கால்சியம் ஹைட்ராக்சைடு மாதிரி ஒரு மருந்தோ, சிமெண்டோ தடுப்பாக வைத்து, அதற்கு மேல்தான் பசை வைப்பார்கள். அடைத்து பல நாள் கழித்தும் ‘சுரீர்’ என்று கூசினால், கடிக்கும்போது வலித்தால், “போகப் போக சரியாயிடும்” என்று விட்டு விடாமல் திரும்பப் போய் காட்டணும். விட்டால் வேர் சிகிச்சை செலவில் போய் நிற்கும்.

கர்ப்பிணிகள் விஷயத்தில், 2010-ல் வெளியான அமெரிக்க குழந்தை மருத்துவ ஆய்வுக் கட்டுரை ஒன்று, தள்ளிப் போடக் கூடிய பில்லிங்கை தள்ளிப் போடலாம் என்றது. தாங்க முடியாத வலி, வீக்கம், சீழ் என்றால் தள்ளிப் போடக் கூடாது. அந்த கிருமி தாய்க்கும் நல்லதல்ல, குழந்தைக்கும் நல்லதல்ல. கர்ப்பம் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லி விட வேண்டும்.

“அப்போ பழைய வெள்ளி அடைப்பே தேவலையா?” என்று கேட்பார்கள். அதில் பாதி எடை பாதரசம். ஐரோப்பிய யூனியன் 2025 ஜனவரி முதல் அதை நிறுத்தி விட்டது. 2034-க்குள் உலகம் முழுக்க கைவிடுவது என்று 2025 நவம்பரில் ஜெனீவா மாநாட்டில் முடிவாகி இருக்கிறது. ஆக, லைட் பில்லிங் இன்னும் பெருகத்தான் போகிறது.

தினமும் தொடுபவர் யார்?

நமக்கு வருஷத்துக்கு ஒரு பல், ரெண்டு பல். தினமும் இந்த பசைக்கு நடுவிலேயே இருப்பவர்கள் பல் டாக்டர்களும், பக்கத்தில் நின்று பசையை எடுத்துக் கொடுக்கும் உதவியாளர்களும்தான். உண்மையில் இந்த ரசாயனத்தால் பாதிக்கப்பட்டவர்கள் என்று மருத்துவ உலகம் பதிவு செய்திருப்பதில் இவர்கள் முக்கியமானவர்கள்.

“கிளவுஸ் போட்டிருக்கேனே” என்பார்கள். சாதாரண லேட்டக்ஸ் கிளவுஸை ஹெமா சில நிமிஷங்களில் ஊடுருவி விடும். கிளவுஸ் கிழியாது, ஈரமும் தெரியாது. ஆனால் ரசாயனம் உள்ளே வந்து, விரலோடு ஒட்டிக் கொண்டே இருக்கும். முதலில் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் நுனிகள் வறண்டு போகும். பிறகு தோல் உரியும், வெடிக்கும், மரத்துப் போகும். சோப்பு அலர்ஜி என்று நினைத்து சோப்பை மாற்றிக் கொண்டிருப்பார்கள். ஒருமுறை அலர்ஜி பிடித்து விட்டால் பொதுவாக ஆயுசுக்கும் போகாது. வேலையை விட வேண்டி வந்தவர்களும் உண்டு.

மாசம் சொற்ப சம்பளத்துக்கு நிற்கும் பெண்களிடம் இதை யாராவது சொல்கிறார்களா என்பதுதான் கேள்வி. இறுகாத பசையை, ஒட்டும் திரவத்தை கிளவுஸ் போட்ட கையாலும் தொடக் கூடாது. கருவியால்தான் எடுக்க வேண்டும். பட்டு விட்டால் உடனே கிளவுஸை கழற்றி, கை கழுவி, புதுசு போட வேண்டும். நைட்ரைல் கிளவுஸ் கொஞ்சம் கூடுதல் நேரம் தாங்கும், அவ்வளவுதான். ஒரே கிளவுஸோடு நாள் முழுக்க ஓட்டச் சொல்லும் கிளினிக் முதலாளிகள் இதை படித்தால் தேவலை.

பியூட்டி பார்லரில் விளக்குக்கு அடியில் விரலை வைத்து காய வைக்கும் ‘ஜெல் நெயில் பாலிஷ்’ இருக்கிறதே, அதுவும் இதே குடும்பம்தான். அதிலும் ஹெமா உண்டு. வீட்டில் தாங்களாகவே போட்டுக் கொள்ளும் பாக்கெட்டுகளில் ஹெமா சேர்க்கக் கூடாது, பார்லர் தொழிலாளர்கள் மட்டுமே பயன்படுத்தலாம் என்று ஐரோப்பா 2020-ல் விதி போட்டது. ஜெல்லை இறுக வைக்கும் டி.பி.ஓ. என்ற பொருளை அழகு சாதனங்களில் 2025 செப்டம்பர் முதல் அங்கே தடையே செய்து விட்டார்கள். சில பல் பசைகளிலும் டி.பி.ஓ. உண்டு. ஆனால் அந்த தடை அழகு சாதன சட்டத்தில் வருவது. பல் பொருட்கள் வேறு சட்டத்தில் வருகின்றன.

ஜெல் நகம் போட்டு விரல் நுனி வெடித்தவர்கள், நகத்தை சுற்றி அரிப்பு வந்தவர்கள் பல் அடைக்கப் போகும்போது அதை டாக்டரிடம் வாய் திறந்து சொல்லி விட வேண்டும். விரலுக்கு பிடிக்காத அதே ஹெமா ஈறுக்கும் பிடிக்காமல் போகலாம். அவர்களுக்கு ‘ஜி.ஐ.சி.’ எனப்படும் கிளாஸ் அயனோமர் சிமெண்ட் வைத்து அடைக்கலாம். அதிலும் ரெண்டு வகை உண்டு. பிசின் கலந்து விளக்கு காட்டும் வகையில் ஹெமா இருக்கும். தானாக இறுகும் பழைய வகையில் இருக்காது. எந்த வகை என்று கேட்டு வைத்துக் கொள்வது நல்லது.